மண்மட்டத்தில் ஒரு சாண்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் பின்புறத் தோட்டத்தில் அவரைப் பந்தல் சாய்ந்த அன்று, நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன். விடியலில் சுமத்ரா காற்று அடித்து ஓய்ந்திருந்தது. ஆனாலும் காற்றின் மேல் பழி போட மனம் வரவில்லை. மூன்றடி உயரத்தில் தட்டினால் ‘டங்’ என்ற கால், மண்ணை ஒட்டிய இடத்தில் ‘பொத்’ என்றது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது நுனியில் ஒட்டி வந்தது வெளுத்துப்போன நார்க்கூழ். காளான் வாடை. பிறகு மண்ணுக்குள் ஒன்றரை அடி புதைந்திருந்த அடித்துண்டைத் தோண்டி எடுத்தோம். அது கையில் கனத்தது. கத்தி சுலபத்தில் இறங்கவில்லை. மேலே நல்ல மரம், அடியிலும் ஓரளவு நல்ல மரம், இடையே ஒரு சாண் மட்டும் உக்கிப்போயிருந்தது.

எட்டுக் கால்களில் ஐந்து இப்படி. கெம்பாஸ் மரம், மூன்று அங்குலச் சதுரம், நட்டு நான்கு ஆண்டு. மீண்டும் பந்தல் போட வசிப்போர் குழு கொடுக்க முடிந்தது 400 வெள்ளி. அந்தப் பணத்தில் எதை வாங்குவது, எதைப் பூசுவது, எதைச் செய்யாமல் விடுவது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேசினோம். ஆறு பேர் இருந்தால் ஏழு யோசனை வரும் கூட்டம் எங்களுடையது. அந்தப் பேச்சில் தேறியதையும் தேறாததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு சாண் எதற்காகப் போகிறது என்பது. மரத்தை உக்கவைக்கும் பூஞ்சைக்கு நான்கு வேண்டும்: தின்ன மரம், ஈரம், காற்று, இளஞ்சூடு. சூட்டுக்கு நம் ஊரில் குறைவில்லை. ஈரத்துக்கும் அப்படித்தான். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் நீண்டகாலக் கணக்குப்படி ஆண்டுக்குச் சராசரியாக 171 மழைநாள், 2,113 மில்லிமீட்டர் மழை. உலர்ந்த எடையோடு ஒப்பிட்டு மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. தரைக்கு மேலே இருக்கும் மரம் நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது. நீருக்குள் மூழ்கியே கிடக்கும் மரத்தூண்கள் நூற்றாண்டுக்கணக்கில் உக்காமல் நிற்பது இதனால்தான். மண்மட்டத்தில் மட்டும் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. மண்ணடிக் கரையானும் அந்த வழியாகத்தான் ஏறி வருகிறது. ஆகவே மரம் முழுவதையும் காப்பாற்றும் செலவும் அந்தச் சாணை மட்டும் காப்பாற்றும் செலவும் வேறு வேறு. எங்கள் கூட்டத்தில் முதல் இரண்டு ஞாயிறும் இந்த வித்தியாசம் புரியாமலே போயின.

எல்லாருக்கும் முதலில் தோன்றியது, நல்ல மரமாக வாங்கிவிடலாம் என்பது. செங்கால் என்று மலாய்க்காரர் சொல்லும் மரம். (தொலைபேசியில் நான் சொன்னதைச் செங்கல் என்று எடுத்துக்கொண்ட ஒரு நண்பர், பந்தலுக்கு எதற்குச் செங்கல் என்று கேட்டார்.) நம்மவர்கள் ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று சொல்வது எதையோ, அதற்கு இலக்கணம் இந்த மரம். மலேசியாவில் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தார் மரங்களைத் தரம் பிரித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு அங்குலச் சதுரம், இரண்டடி நீளத்தில் முளைகள் அறுத்து, மருந்து எதுவும் போடாமல் வெட்டவெளி மண்ணில் வரிசையாக நட்டுவிடுவார்கள். எது எப்போது உளுத்து விழுகிறது என்று பார்ப்பார்கள். பார்க்க இடுகாடு மாதிரி இருப்பதால் அதற்கு இடுகாட்டுச் சோதனை என்றே பெயர். பத்து ஆண்டுக்கு மேல் நின்றால் முதல் தரம். ஐந்து முதல் பத்து வரை இரண்டாவது. இரண்டு முதல் ஐந்து வரை மூன்றாவது. இரண்டு ஆண்டுகூடத் தாங்காதது கடைசி. செங்கால் முதல் தரம். எங்கள் கெம்பாஸ் மூன்றாவது. சொல்லிவைத்தாற்போல் நான்காம் ஆண்டில் விழுந்தது. நம் பாட்டன்மார் பால் வெட்டிய ரப்பர் மரம் கடைசித் தரம்.

செங்காலில் இரண்டு சிக்கல். ஒன்று விலை: எட்டுக் கால் வாங்கக் கேட்ட தொகையில் எங்கள் 400 வெள்ளி பாதிகூட ஆகவில்லை. இரண்டாவது, தரம் எல்லாம் நடுமரமான வைரத்துக்குத்தான். பட்டையை ஒட்டிய வெளிர்நிற வெளிமரம் எந்த மரத்திலும் சீக்கிரம் போய்விடும். விலை மலிவாக ஒருவர் ‘செங்கால்’ கொடுக்கிறார் என்றால், ஓரங்களில் வெளிர்நிறம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்க வேண்டும். காசு இருந்து, ஒரு முறை செய்துவிட்டு இருபது ஆண்டு திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை; செங்கால் வாங்குங்கள்.

அடுத்து, கழிவு எஞ்சின் எண்ணெய். இதைச் சொன்ன அண்ணன் ஊரில் வேலிக்கால்களுக்குத் தார் பூசிய வீட்டுப்பிள்ளை. லாரிப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும், இரண்டு கை பூசினால் கறுகறுவென்று அழகாக இருக்கும் என்றார். கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது மரத்தைக் காக்கும் மருந்து அன்று. மேலே படியும் எண்ணெய்ப்படலம் சிறிது காலம் தண்ணீரைத் தள்ளும், வெயிலில் மரம் வெடித்ததும் வெடிப்பின் வழியே தண்ணீர் உள்ளே போகும், அதற்குப் பிறகு அந்தப் படலமே ஈரத்தை வெளியே விடாது. எஞ்சின் தேய்ந்த உலோகத்தூளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் கலந்த அந்த எண்ணெய், கீரை வளர்க்கும் மண்ணில் இறங்கும். கழிவு எண்ணெயை மண்ணில் விடுவது இங்கே சட்டப்படியும் குற்றம். அண்ணனுக்கு வருத்தம்தான். கிரியோசோட் என்னும் கரித்தார் எண்ணெய் வேறு. அது உண்மையாகவே வேலை செய்யும். 1838-ல் ஜான் பெத்தல் இங்கிலாந்தில் அதை அழுத்தத்தோடு மரத்துக்குள் ஏற்றக் காப்புரிமை வாங்கினார். உலகத்தின் ரயில் பாதைகள் அதன்மேல்தான் ஓடின. ஆனால் அதுவும் தோலுக்கும் பயிருக்கும் ஆகாது. பழைய ரயில் கட்டைகளைக் காய்கறிப் பாத்திக்கு வரம்பாக வைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

காலின் அடியைத் தீயில் கருக்கி நடுவது மூன்றாவது யோசனை. ஜப்பானியர் பலகையைக் கருக்குகிறார்களே என்றார் ஒருவர். அவர்கள் கருக்குவது சுவர்ப்பலகை. மழை பட்டால் வழிந்தோடி, காற்றில் காய்ந்துவிடும் இடம். மண்ணில் புதையும் காலுக்கு அது பெரிய உதவி இல்லை. கரியைப் பூஞ்சை தின்னாது, உண்மை. ஆனால் கரி வெடிக்கும், வெடிப்புக்குப் பின்னால் இருப்பது பழைய மரம்தான். நன்றாகக் கருக்கினால் காலின் கனமும் குறைகிறது.

இனி, ஆலையில் மருந்தேற்றிய மரம். இதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு சேதி உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சொந்தி காமேசன் என்ற இந்தியர், 1933-ல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு மருந்து கண்டார். அதுவரை செம்பு உப்பு எதை ஏற்றினாலும் மழையில் கரைந்து ஓடிவிடும். குரோமியம் மற்ற இரண்டையும் மரநாரோடு பிணைத்துவிட்டது. பூஞ்சைக்குச் செம்பு, கரையானுக்கு ஆர்சனிக். சிசிஏ என்ற பெயரில் உலகத்து மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் பல பத்தாண்டுகள் நிறுத்தி வைத்தது அந்தக் கண்டுபிடிப்பு. ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். பழைய பச்சைச்சாயல் கம்பம் எங்காவது கிடைத்தால், வந்த வழி தெரியாமல் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம். எரிக்கவே வேண்டாம், சாம்பலில் பாஷாணம் அப்படியே தங்கும்.

இப்போது ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகள் ஏற்றிய பைன் மரம் கிடைக்கிறது. மண்ணில் நேரடியாக நடுவதற்கென்று ஏற்றியதா, தரைக்கு மேலே மட்டுமா என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மருந்தின் அளவு வேறு. நாங்கள் விசாரித்த ஒரு கடையில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், “வெளியில் வைக்கலாம் அங்கிள்.” வெளியில் என்றால் எங்கே என்று கேட்டதும் அவர் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். அறுத்தால் உள்ளிருக்கும் மருந்தில்லாத மரம் வெளியே தெரியும். அறுத்த முனையை மண்ணுக்குள் விடக்கூடாது, அதற்கும் மருந்து தடவ வேண்டும். புதிய செம்பு மருந்துகள் சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் துத்தநாகம் தடித்துப் பூசிய ஆணியோ துருப்பிடிக்காத எஃகோ தேவை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று வந்த மரம் நடுத்தர விலைக்கு ஏறிவிடுகிறது. ஆனாலும் மண்ணில் நட்டே ஆக வேண்டும் என்றால் செங்காலுக்கு அடுத்து நான் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் சரக்குத் தட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டக்காரர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். துறைமுகச் சரக்கு வரும் மரத்தட்டுகளில் ‘எச்டி’ என்று முத்திரை இருக்கும். மருந்து போட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனைத்துலக விதிப்படி மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்ததற்கான அடையாளம் அது. உள்ளேயிருந்த புழு செத்துவிட்டது என்று பொருள். நாளைக்கு ஏறப்போகும் கரையானுக்கு அதில் ஒரு தடையும் இல்லை. ‘எம்பி’ என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை காட்டியது. அதைத் தொடாமல் விடுவது நல்லது.

எனக்கு நெருக்கமான வழி போரான். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நம் வீட்டில் பழகியது. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது போடும் வெங்காரம் ஒன்று. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் மற்றொன்று. இரண்டையும் வெந்நீரில் சேர்த்துக் கரைத்தால், தனித்தனியே கரைவதைவிட அதிகமாகக் கரையும். எடைக்கு ஒன்றரைப் பங்கு வெங்காரம், ஒரு பங்கு போரிக் அமிலம். பத்து லிட்டருக்கு 600 கிராமும் 400 கிராமும் போட்டால் நம் ஊர்ச் சூட்டில் அடியில் படியாமல் நிற்கும். பூஞ்சை, கரையான், மரம் துளைக்கும் வண்டு மூன்றுக்கும் இது ஆகும். நியூசிலாந்தில் 1950களிலிருந்து வீட்டுச் சட்டங்களுக்கு இதைத்தான் ஏற்றினார்கள். இங்கே கடைகளில் விற்கும் ரப்பர் மர நாற்காலிகள் உளுக்காமல் இருப்பதும் பெரும்பாலும் போரானால்தான்.

இதன் தனிக்குணம், அழுத்தி ஏற்றும் ஆலை உருளை எதுவும் வேண்டாம். ஈர மரத்துக்குள் தானாகவே ஊர்ந்து போகும். அறுத்து ஈரம் காயாத மரத்தைக் கெட்டியான கரைசலில் நனைத்து, இடைவெளி விடாமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவைப்பார்கள். ஓர் அங்குலப் பலகைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். இரண்டு அங்குலத்துக்கு இரண்டு மாதமும் மேலும். காய்ந்த மரமானால் நீர்த்த கரைசலில் பல நாள் மூழ்கவே விட வேண்டும். மேல்பூச்சாகத் தூரிகையால் தடவுவது பெயருக்குத்தான். தடவ மட்டுமே முடியும் என்றால் பக்கங்களை விட்டுவிட்டு வெட்டுமுனையைக் கவனியுங்கள். மரத்தின் குழாய்கள் திறந்திருப்பது அங்கேதான். ஒரு காலை வாளிக்கரைசலில் செங்குத்தாக நிறுத்தினால் நுனி குடிக்கிற அளவைப் பக்கவாட்டில் ஏற்றவே முடியாது. எங்கள் மூன்றங்குலக் காலை நிறுத்தி, வாளியின் உட்புறம் பென்சிலால் கோடு போட்டேன். மறுநாள் காலை கரைசல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. வாளி மூடியிருந்ததால் காற்றில் போனது என்று சொல்ல வழியில்லை.

குறை என்னவென்றால், உள்ளே ஊர்ந்து போன அதே வழியில் வெளியேயும் வந்துவிடும். மழையும் மண் ஈரமும் தொடர்ந்து கழுவினால் சில ஆண்டுகளில் மரம் வெறும் மரமாகிவிடும். மண்ணில் நடும் காலுக்குப் போரான் மட்டும் போதாது. கழுவிப்போன போரான் எங்கே போகும் என்பதும் உண்டு. செடிகளுக்குச் சிறிதளவு வேண்டும், கொஞ்சம் கூடினால் இலை விளிம்பு கருகும். எலுமிச்சையும் பீன்ஸ், அவரை வகையும் அதில் மிகவும் கூச்சமுள்ளவை. எங்கள் பந்தலில் ஏறுவதே அவரை! ஆகவே பாத்தியின் உள்பலகைக்குப் போரான் வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. தரைக்கு மேலே, வண்ணம் பூசிய, நீர் வடியும் சட்டங்களுக்கு மட்டும். மனிதருக்குக் கேடு குறைவு என்றாலும் கையுறை போடாமல் கலக்கக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டவும் விடக்கூடாது.

வெந்தொட்டி, தண்தொட்டி முறை ஒன்று இருக்கிறது. மரத்தை மருந்தில் போட்டுச் சூடேற்றினால் உள்காற்று விரிந்து வெளியேறும். அப்படியே ஆறவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். இயந்திரமே இல்லாமல் ஆழமாக ஏற்ற இதைவிட எளிய வழி இல்லை. தோட்டம் துரவு உள்ள கிராமத்தில் இரும்புப் பீப்பாயும் விறகும் போதும். வீவக அடுக்குமாடிக் குடியிருப்பில், பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் தீ மூட்டி மருந்து காய்ச்ச யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடும் நம் தச்சர் வழக்கமும் அப்படித்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து போவதால் துளைக்கும் வண்டு வராது. பூஞ்சையையோ கரையானையோ அது நிறுத்தாது. இங்கே தொட்டியில் தண்ணீர் கட்டி வைத்தால் மரம் ஊறும் முன்பே ஏடிஸ் கொசு ஊறிவிடும், அடுத்த வாரம் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வாசலில் நிற்பார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வரை அதிகம் பேசாமல் களை பிடுங்கிக்கொண்டிருந்த பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர், “எங்கள் கிராமத்துக் கம்பத்து வீட்டில் தூணை யாரும் மண்ணில் நடவில்லையே, கல்லின் மேல்தானே வைத்தோம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்த் திண்ணைத் தூணும் அப்படித்தான். அடியில் கல்பீடம் இல்லாத மரத்தூணை நான் பார்த்த நினைவில்லை. தார் பூசியது வேலிக்காலுக்கு, வீட்டுத்தூணுக்குக் கல். இரண்டில் எது நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். மலிவான வழி எது என்று மருந்துக்கடையில் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, விடை மருந்திலேயே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்றைக்குக் கல்பீடத்தின் வேலையைச் செய்வது துத்தநாகம் பூசிய இரும்புப் பாதம்: ‘யு’ வடிவத் தகடு, அதன் கீழே கம்பி. தகடு மரத்தை மண்ணிலிருந்து இரண்டு, மூன்று அங்குலம் தூக்கி நிறுத்தும். கம்பி கான்கிரீட்டில் இருக்கும். மரக்காலையே கான்கிரீட்டில் புதைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அப்படிப் புதைத்தால் மரம் சுருங்கும்போது சுற்றிலும் இடைவெளி விழுந்து, மழைநீர் கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். மண்ணில் நட்டதைவிடச் சீக்கிரம் போகும். பாதத்தின் தகட்டிலும் நீர் வடிய ஒரு துளை வேண்டும். இதற்கும் ஒரு விலை உண்டு: மண்ணில் ஒன்றரை அடி புதைந்த கால் தன் பலத்தில் நிற்கும், பாதத்தின் மேல் வைத்த கால் ஆடும். மேல்மூலைகளில் சாய்சட்டம் அடித்துத்தான் அந்த ஆட்டத்தை நிறுத்த முடியும். சுமத்ரா காற்றை மறந்துவிட்டுப் பாதம் மட்டும் வாங்கினால் பந்தல் உக்காமல், ஆனால் படுத்துக் கிடக்கும்.

எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. ஐந்து கால்களில் அழுகிய சாணையும் அதற்குக் கீழே உள்ளதையும் அறுத்துத் தள்ளினோம். மீதி மரம் நன்றாக இருந்தது, பந்தல் உயரம் கொஞ்சம் குறைந்தது. இனி அவரை பறிக்க முக்காலி வேண்டாம் என்று அக்கா ஒருவர் மகிழ்ந்தார். நின்றிருந்த மூன்று கால்களையும் விட்டுவைக்கவில்லை, அவற்றின் முறையும் வரும் என்று தெரிந்ததால். தரையில் கான்கிரீட் ஊற்றுவதற்கு நகர மன்ற அனுமதி கேட்டுக் காத்திருக்காமல், எட்டு இரும்புப் பாதங்களையும் வார்த்த கான்கிரீட் கட்டைகளில் பொருத்தினோம். வெட்டுமுனைகளை வாளிக்கரைசலில் மூன்று நாள் நிறுத்தி, நிழலில் மூடிவைத்து, காய்ந்தபின் வண்ணம் பூசினோம். காலின் உச்சியில் சரிவாக அறுத்துத் தகரத்தொப்பி போட்டோம். வானத்தைப் பார்க்கும் வெட்டுமுனையும் ஒரு வாய்தானே. குறுக்குச்சட்டங்களும் சாய்சட்டங்களும் போரானில் ஊறிய மலிவு மரம். பாத்தி வரம்புக்கு மரமே வேண்டாம் என்று குழிக்கல் வைத்தோம். 400 வெள்ளியில் பெரும்பங்கு பாதங்களுக்குப் போனது. மருந்துக்குப் போனது மிகச் சொற்பம்.

எண்ணெய் அண்ணனும் கருக்கல்காரரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் செடி வைக்காத மூலையில் இரண்டு அங்குலச் சதுரம், இரண்டடி நீளத்தில் நான்கு கெம்பாஸ் முளைகளை நட்டிருக்கிறோம்: ஒன்று வெறும் மரம், ஒன்று கருக்கியது, ஒன்று போரானில் ஊறியது, ஒன்று போரானில் ஊறி ஒரு செங்கல்லின் மேல் நிற்பது. எண்ணெய் பூசியதற்கு மட்டும் அனுமதி இல்லை. ஒவ்வொன்றின் தலையிலும் தகரத்துண்டில் நட்ட தேதியைக் கீறி அடித்திருக்கிறேன். ஸ்குரூடிரைவர் கருவிக்கொட்டகையில், அதன் ஆணியில் தொங்குகிறது.